எப்போதும் போல ஒரு மூச்சு

ஆட்களைத் தனியாக விட்டுவிட்டு வருவதுதான் என் வேலை. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரின் கீழ்த்தளத்தில், பெட் ஸ்கேன் எடுக்கிற பகுதியில் நான் உதவியாளர். வருகிறவர்களுக்குக் கையில் ஒரு ஊசி போடுவார்கள். சர்க்கரையோடு கொஞ்சம் கதிர் சேர்த்த மருந்து. உடம்பில் எந்த இடம் அதிகமாக வேலை செய்கிறதோ அது அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். புற்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு இழுக்கும். பிறகு மெஷினில் படுக்கவைத்தால் அந்த இடங்கள் மட்டும் படத்தில் விளக்கு மாதிரி எரியும்.

ஊசிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் அவர் ஒரு சின்ன அறையில், சாய்வு நாற்காலியில், போன் இல்லாமல், பேச்சில்லாமல், எதையும் மெல்லாமல் இருக்க வேண்டும். மென்றால் தாடை எரியும், பேசினால் தொண்டை எரியும், படத்தில்தான். கூட வந்தவர்களுக்கும் உள்ளே அனுமதி கிடையாது, ஊசி போட்டுக்கொண்டவர் உடம்பிலிருந்து கதிர் வரும் என்பதால். நான் போர்வையைப் போர்த்தி, விளக்கைக் குறைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவேன். வெளியே ஒரு டிவி இருக்கிறது. அதில் உள்ளே இருப்பவர் தெரிவார். ஒரு மணி நேரம் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுமலைப் பக்கம் பிறந்து, அப்பா செத்த வருடம் கிளம்பியவன். ஒரு இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் கல்குவாரியில் பாறையில் துளை போட்டேன். பிறகு லாரியில் கிளீனர், கோழிக்கோட்டில் ஓட்டல், திருப்பூரில் சாயப்பட்டறை, மறுபடியும் குவாரி. வேலை கிடைக்காத நாட்களில் கீழக்குயில்குடி மலையில் சமணர்கள் வெட்டிவைத்த கல் படுக்கைகளில் மதியம் முழுவதும் கிடந்திருக்கிறேன். தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் உயர்த்தி வெட்டியிருப்பார்கள். ஒரு ஆள் படுக்கிற அகலம்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த சென்டருக்கு நான் கான்கிரீட் வேலைக்கு வந்தவன். கதிர் வெளியே கசியாமல் இருக்க அறைக்குத் தடித்த சுவர் எழுப்பினார்கள். சுவர் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு நான் கிளம்பவில்லை. துடைக்கவும் நாற்காலி தள்ளவும் ஆள் தேவைப்பட்டது, இருந்துவிட்டேன். இரண்டு வருடம் தாண்டியும் இருந்துவிட்டேன் என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

படங்களைப் பார்த்து முடிவு எழுதுகிற டாக்டர் என்னைக் கவனிக்க ஆரம்பித்தது ஒரு பூசாரி வந்த பிறகு. ஊசி போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். டிவியில் பார்த்தால் உதடு ஆடிக்கொண்டே இருந்தது. நான் போய், "சாமி, மனசுக்குள்ள சொல்லுங்க" என்றேன். "மனசுக்குள்ளதான்யா சொல்றேன், உதடு அதுவா ஆடுது" என்றார். நாற்பது வருடப் பழக்கம், நிற்கவில்லை. படத்தில் அவர் குரல்வளை பளிச்சென்று எரிந்தது. டாக்டர் சந்தேகப்பட்டு வெளியே வந்து கேட்டபோது, மந்திரம் சொன்னதைச் சொன்னேன். அன்றிலிருந்து சந்தேகமான படம் எதுவாக இருந்தாலும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உள்ளே அவர் எப்படி இருந்தார் என்று கேட்பார். என்னிடம் யாரும் அப்படி எதையும் கேட்டதில்லை. கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் விட்டது.

அதற்கு அடுத்த வருடம்தான் மெஷினில் புது வசதி சேர்த்தார்கள். சின்னச் சின்னப் புள்ளிகளையும் பிரித்துக் காட்டுகிற வசதி. சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்தார், இருபத்தைந்து வயதிருக்கும். ஆளுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்க, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் கொண்டுவந்தார். அதற்குள் ஆறு உருண்டைகள். பெரியது எலுமிச்சம்பழ அளவு, சின்னது கொண்டைக்கடலை அளவு. உருண்டைகளில் ஊசி மருந்தை நிரப்பி, பீப்பாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும், காற்றுக் குமிழி நிற்கக்கூடாது. அவருக்குக் குமிழி போகவே இல்லை. நான் வாங்கி, கான்கிரீட் பெட்டியைத் தட்டுகிற மாதிரி பக்கவாட்டில் தட்டித் தட்டிக் குமிழியை மேலே ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்.

பழைய படத்தில் அந்தக் கொண்டைக்கடலை ஈரத்தில் விழுந்த மை மாதிரி இருந்தது. புதுப் படத்தில் விளிம்போடு உருண்டையாக நின்றது. ஆனால் மனிதர்களிடம் வேறு சிக்கல் இருக்கிறது என்றார். இது போட்டோ மாதிரி ஒரு நொடியில் எடுப்பதில்லை. ஒரே இடத்தைச் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஆள் எத்தனையோ மூச்சு விட்டுவிடுவார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் திரை ஏறி இறங்கும், அதோடு நுரையீரலின் அடியும் ஈரலின் உச்சியும் ஏறி இறங்கும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படம் இழுவையாகிவிடும். அதற்காக நெஞ்சில் ஒரு பெல்ட் கட்டுவார்கள். மூச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பெல்ட் சொல்லும், மெஷின் அந்தந்தக் கட்டத்தைத் தனித்தனியாகப் பிரித்துச் சேர்த்துக்கொள்ளும். பீப்பாயை ஏறி இறங்குகிற ஒரு பலகையில் வைத்து அதற்கும் பெல்ட் கட்டிக் காட்டினார். கொண்டைக்கடலை அப்போதும் தெளிவாக இருந்தது.

ஆனால் மாதங்கள் போகப் போக டாக்டருக்குத் திருப்தி இல்லை. மூளை, கழுத்து, இடுப்பு எல்லாம் முன்பைவிடத் தெளிவு. நெஞ்சுக்கூட்டின் அடியில் மட்டும் முன்பைவிட மோசமாக வந்தது. இன்ஜினியர் மறுபடி வந்தார். பெல்ட்டை மாற்றினார், பீப்பாயை ஏற்றினார். பீப்பாய் அழகாக வந்தது. கிளம்பும்போது என்னிடம், "உங்க ஊர் ஆளுங்களைவிட இந்தப் பீப்பா நல்லா மூச்சு விடுதுண்ணா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் என் இருமல் நிற்காமல் போனது. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நுரையீரல் முழுக்கக் கல்தூசித் தழும்பு என்று தெரிந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான், குவாரியில் கூட இருந்தவர்களில் பலருக்கு அது உண்டு. வலது பக்கம் அடியில் ஒரு கட்டி இருந்தது எதிர்பார்க்காதது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். கேள்வி ஒன்றே ஒன்று பாக்கி. அது நுரையீரலில் மட்டும் இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். தசைத் திரைக்குக் கீழே ஈரலிலும் ஒன்று இருந்தால் கத்தி வைக்க முடியாது, மருந்துதான். ஒன்றா, இரண்டா. அதைச் சொல்ல பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு நான் வேலை செய்கிற இடத்துக்கே வந்தேன்.

மெஷினை இயக்குகிற டெக்னீஷியன் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். என்னை அண்ணே என்பாள். படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயரும் வயதும் கேட்கவில்லை, அவளே எழுதிக்கொண்டாள். ‘உடன் வந்தவர்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"கூட யாருண்ணே வந்திருக்கா?"

"நான்தான்மா."

"நீங்க பேஷண்ட்டுண்ணே."

"தெனம் இங்க கூட இருக்குறது நான்தான. எனக்கும் நானே இருந்துக்கிறேன், எழுது."

எழுமலையில் அண்ணன் இருக்கிறார். நான் வீட்டை விட்டுக் கிளம்பியதற்கு அவர் காரணம் இல்லை, திரும்பிப் போகாததற்கு நானும் பெரிய காரணம் வைத்திருக்கவில்லை. நம்பர்கூட என்னிடம் இல்லை. அவள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

ஊசி போட்டுக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்தேன். போர்வை போர்த்த ஆளில்லை, நானே போர்த்திக்கொண்டேன். எத்தனையோ பேரை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அங்கே உட்கார்ந்ததில்லை. வெளியிலிருந்து டிவியில் பார்க்கும்போது அது அமைதியான அறை. உள்ளே ஏசியின் உறுமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பதும், நிற்பதும், போவதும் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வரக்கூடாது என்று போர்டு எழுதி ஒட்டியவனே நான்தான்.

பிறகு மெஷினில் படுத்தேன். கைகளைத் தலைக்கு மேலே வைத்து, நெஞ்சில் பெல்ட் கட்டினாள். அந்தப் பலகையும் ஒரு ஆள் அகலம்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. ஒன்றா இரண்டா என்று தெரிய வேண்டுமென்றால் படம் சுத்தமாக வர வேண்டும், படம் சுத்தமாக வர நெஞ்சு அசையக்கூடாது. ஆகவே குவாரியில் பழகிய மூச்சை விட்டேன். வெடி வைத்த பிறகு தூசி கவிந்து நிற்கும்போது நாங்கள் மூச்சை மடக்கு மடக்காக, இருப்பதே தெரியாமல் விடுவோம். அடக்க முடியாமல் போகும்போது ஒரு தடவை பெரிதாக இழுத்துக்கொண்டு மறுபடி அடக்குவோம். அதைத்தான் செய்தேன், முழு நேரமும். ஒரு ஆள் இதைவிட நன்றாக அசையாமல் கிடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பவில்லை. நான் கதவருகே நின்றேன். நுரையீரலின் அடியிலிருந்து ஈரலின் உச்சி வரைக்கும் வாழைப்பூ மடல் மாதிரி நீளமாக ஒரு ஒளி. மேலே இருப்பது ஆடி ஆடிக் கீழே வழிந்திருக்கலாம், கீழேயும் தனியாக ஒன்று இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு ஒன்று என்றும் சொல்ல முடியாது, இரண்டு என்றும் சொல்ல முடியாது என்றார்.

டெக்னீஷியன்தான் என்னை அவள் மேசைக்குக் கூப்பிட்டாள். பெல்ட் வரைந்த மூச்சுக் கோடு கம்ப்யூட்டரில் இருந்தது. கொஞ்ச தூரம் வயல் மாதிரித் தட்டையாகப் போய், திடீரென்று யானைமலை மாதிரி ஒரு ஏற்றம். மறுபடி தட்டை, மறுபடி மலை.

"என்னண்ணே பண்ணீங்க உள்ள?"

"படம் கலங்கக்கூடாதுன்னு மூச்ச அடக்கிக்கிட்டேன்."

"எப்பவும் போல விட்டாத்தானண்ணே மெஷின் பிரிக்கும்? ஏறுது எறங்குதுன்னு ஒரே மாதிரி இருக்கணும். அசையாம இருக்கச் சொல்லி யாரு சொன்னா?"

அவள் பழைய ஆட்களின் கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். தட்டை, மலை. தட்டை, மலை. ஊர் வேறு, ஆள் வேறு, எல்லாருக்கும் ஒரே மாதிரி மூச்சு. என் மூச்சு.

புது வசதி வந்த நாளிலிருந்து, மெஷினுக்குக் கூட்டிப் போகும் வழியில் ஒவ்வொருவர் காதிலும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சைக் கொஞ்சமாக விடுங்கள், நெஞ்சு அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் படம் நன்றாக வரும் என்று. யாரும் சொல்லச் சொல்லவில்லை. இன்ஜினியர் விளக்கியதில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை நானாக நிரப்பிக்கொண்டேன். ஆட்களும் அப்படியே கேட்டார்கள். உயிர் பயத்தில் இருக்கிறவர்கள் சொன்னதைவிடக் கூடுதலாகவே செய்வார்கள். பீப்பாய்க்கு மட்டும்தான் நான் எதுவும் சொல்லவில்லை.

"நான்தான்மா சொன்னேன். எல்லாருக்கும்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, ஊசி மருந்து உடம்பில் இன்னும் இருக்கிறது, நெஞ்சை மட்டும் இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் கேட்டு வந்தாள். மறுபடி படுத்தேன். மறுபடி பெல்ட்.

"எப்பவும் போல விடுங்கண்ணே, அம்புட்டுத்தான்."

எப்போதும் போல எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நினைத்து நினைத்து விட்டால் அது எப்போதும் போல இல்லை. கோடு இன்னும் மோசமாகப் போகிறது என்று மைக்கில் சொன்னாள். நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"தூங்குறப்ப எப்படி விடுவீங்க? அப்படி விடுங்க."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்" என்றேன்.

தூக்கத்தில் ஒரு ஆள் எப்படி மூச்சு விடுகிறான் என்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். லாரியின் மேலே, ஓட்டல் மாடியில், குவாரிக் கொட்டகையில், கல் படுக்கையில் எல்லாம் தூங்கியிருக்கிறேன். கொட்டகையில் வரிசையாகப் படுப்போம், ஆனால் யாரும் யாரையும் கவனிக்கிற தெம்பில் இல்லை. குறட்டை விடுவேனா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவள் வெளியே போனாள். மைக் திறக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே, பதில் சொல்லக்கூடாது. கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. இன்னைக்குக் காலையில பஸ்ல ஒரு அம்மா சேவலோட ஏறிச்சு. கண்டக்டர் சேவலுக்கு டிக்கெட் எடுங்கிறாரு. அந்தம்மா, மடியிலதானய்யா இருக்கு, சீட்டுலயா இருக்குங்குது. அப்ப உங்க வீட்டுக்காரரையும் மடியில வச்சுக் கூட்டிட்டு வாங்க, டிக்கெட்டே வேணாம்னாரு. பஸ்ஸே சிரிக்குது. அந்தம்மா விடுமா? அவரு வெயிட்டு அம்புட்டு இல்லப்பா, தூக்கிருவேன், அவரு கடிப்பாருன்னுதான் யோசிக்கிறேங்குது..."

அப்படியே பேசிக்கொண்டு போனாள். சேவல் கையை விட்டுத் தப்பி, சீட்டுக்கு அடியில் புகுந்து, கப்பலூர்ப் பக்கம் வரும்போது டிரைவர் காலடிக்குப் போய்விட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். எல்லாரும் இறங்கிக் குனிந்து பார்க்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேவல் என்ன ஆனது என்று வருவதற்குள், "முடிஞ்சதுண்ணே, கைய எறக்குங்க" என்றாள். பலகை வெளியே வந்தது.

இந்தத் தடவை டாக்டர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதிலேயே தெரிந்துவிட்டது. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. நடுவில் தெளிவான ஒரு கருப்பு இடைவெளி, மெல்லியது, அந்தத் தசைத் திரை இருக்கிற இடம். இரண்டு. மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. நான் பார்த்த எந்தப் படத்திலும் நெஞ்சின் அடி அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. வாழ்நாள் முழுக்க ஒண்டியாகவே திரிந்தவனுக்குள் இருந்தது மட்டும் துணை சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வாரமே டாக்டர் பழைய படங்களை எல்லாம் திரும்பப் பார்த்தார். நெஞ்சின் அடியில் சந்தேகத்தோடு முடிவு எழுதியவை ஐந்து. மறுபடி எடுக்க அவர்களைக் கூப்பிடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மெஷின் கோளாறு என்று சொல்லச் சொன்னார்கள். நான் என் தப்பு என்றே சொன்னேன். நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் நன்றாகத் திட்டிவிட்டு வந்தார். ஐந்தாவது நம்பர் கடைசி வரைக்கும் எடுக்கப்படவில்லை. அவர் ஊர் என் ஊருக்குப் பக்கத்து ஊர். பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டியிருந்தது, மகளோடு எங்கேயோ வெளியூர் போய்விட்டார் என்றார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது எழுமலையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. நான் இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டெக்னீஷியனிடம், சேவல் என்ன ஆனது என்று கேட்டேன்.

"எந்தச் சேவல்?"

சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு என்ன பேசினேன் என்றே நினைவில்லை என்றாள். "உங்க கோட்டத்தாண்ணே பாத்துக்கிட்டு இருந்தேன். ஏறுதா எறங்குதான்னு. வாய் என்னமோ பேசுச்சு."

அவள் போன பங்குனியில் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போய்விட்டாள். நான் மருந்தில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, அதற்குப் பிறகு நான்கு நாள் வாய் கசக்கும், மற்றபடி வேலைக்கு வந்துவிடுகிறேன். அடுத்த ஸ்கேன் எடுத்தது புது டெக்னீஷியன், அதிகம் பேசாதவன். நான் படுத்துக்கொண்டு, கப்பலூரில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரோடும் குனிந்து சேவலைத் தேடினேன். கோடு நன்றாக வந்திருந்தது என்றான். இரண்டும் அப்படியே இருக்கின்றன, வளரவில்லை.

இப்போது மெஷினுக்குக் கூட்டிப் போகும்போது யார் காதிலும் எதுவும் சொல்வதில்லை. அவர்களே கேட்பார்கள். நேற்று கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், பலகையில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்ச எப்படிய்யா விடணும்?"

"எப்பவும் போலத்தாண்ணே."

"எப்பவும் எப்படி விடுறேன்னு யாருக்குய்யா தெரியும்?"

பெல்ட்டைக் கட்டிக்கொண்டே, எந்த பஸ்ஸில் வந்தீர்கள், உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன்.